குலுங்காத பஸ்

விஜயராணி வேலை முடிந்து வந்தபோது தலையில் பூ வாடாமல் இருந்தது.

கணேசபாண்டியன் அந்தப் பூவையே பார்த்தான். காலையில் வைத்தது. செம்பூர் பல் ஆஸ்பத்திரியில் அவள் பகல் முழுக்க டோக்கன் கொடுத்துவிட்டு, தாராவி திரும்பியும் அப்படியே இருந்தது.

"எந்த பஸ்ஸுல வந்த?"

"கரண்ட் பஸ்ஸுல. ஏ.சி. வண்டில்லா."

"மன்சூர் அலி வண்டியா?"

"யாரு கண்டா? வண்டி குலுங்கவே இல்ல. கண்ணை மூடுனேன், தாராவி வந்துட்டு."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அதே ரூட்டில் அவனும் பஸ் ஓட்டுகிறான். கேஸில் ஓடும் பழைய வண்டி. இத்தனை நாளும் அவள் அதில்தான் போய்வந்தாள். ஒருமுறைகூட அவள் கண்ணை மூடி அவன் பார்த்ததில்லை.

"நம்ம வண்டிக்கு என்னட்டி கொறை?"

"குலுங்குது. நான் பொய்யா சொல்லுதேன்?"

மறுநாள் டிப்போ மெக்கானிக் சுடலைக்கண்ணனிடம் போனான். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"குலுங்குதுன்னு கம்ப்ளைன்ட் அண்ணே."

"எத்தனை பேரு?"

"ஒருத்தி."

சுடலைக்கண்ணன் அவனை ஒருமாதிரி பார்த்தார். அவன் மனசுக்காக எதையோ முறுக்கிவிட்டார். அதற்குப் பிறகு பஸ்ஸின் கதவு மூடவில்லை.

கணேசபாண்டியன் வீட்டுத் தலையணை ஒன்றை எடுத்துப்போய் லேடீஸ் சீட்டில் கட்டினான். "இன்னைக்கு ஒருநாள் வந்து பாரு" என்று கெஞ்சினான். விஜயராணி வந்தாள். தலையணை மேல் மீன்காரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க! அது நம்ம தலையணைல்லா?"

கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் எழுந்து விஜயராணிக்கு இடம் கொடுத்தான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கண்ணாடியில் கணேசபாண்டியன் பார்த்தான், அவனுடைய மேல்பல் வரிசை நன்றாகவே இருந்தது. சயான் சிக்னலில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. விஜயராணி மீன் கூடைக்குள் விழுந்தாள்.

அன்று மாலை கரண்ட் பஸ்ஸில் வந்தாள். மீன் வாடை வந்தது. ஆனாலும் பூ வாடவில்லை.

வேறு வழியில்லை. சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கரண்ட் பஸ் டிரெய்னிங் வாங்கினான். சொல்லிக்கொடுத்தவர் பழைய ஆள். முன்பு இதே ஊரில் டிராலி பஸ் ஓடியது என்றார். தலைக்கு மேல் கம்பி. கம்பியைத் தொடும் கழி நழுவினால் வண்டி நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து மாட்ட வேண்டும். கணேசபாண்டியனுக்கு அந்தக் கயிற்றின் மேல் ஆசை வந்தது. மன்சூர் அலியின் வண்டியில் அப்படி ஒரு கயிறு இருந்திருக்கலாம். பின்னாலிருந்து இழுத்துவிட்டால் நடுவழியில் நின்றிருக்கும்.

பாஸானான். டியூட்டி மாறியது. கரண்ட் பஸ் அவனுக்கு. கதவு மூடாத பழைய வண்டி மன்சூர் அலிக்கு. பழைய வண்டியில் கணேசபாண்டியனோடு இருந்த கண்டக்டர் கோகிலவாணியும் அவனோடு கரண்ட் பஸ்ஸுக்கு வந்தாள்.

"நாளைலேர்ந்து கரண்ட் பஸ் நான்தான்" என்று வீட்டில் சொன்னான்.

விஜயராணி குழம்பைக் கிண்டுவதை நிறுத்தினாள்.

"அப்பம் பழைய வண்டி?"

"அலிக்கு. குலுங்கிச் சாவட்டும்."

"ஓஹோ" என்றாள்.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டான். சென்ட் அடித்தான். தாராவி ஸ்டாப்பில் விஜயராணி நின்றிருந்தாள். பஸ்ஸைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் அவள் காலடியில் நிறுத்தினான். கதவு திறந்தது. குளிர் காற்று வெளியே போனது.

அவள் எட்டிப் பார்த்தாள். "நீங்க போங்க" என்று கையசைத்துவிட்டு, பின்னால் வந்த பழைய வண்டியில் ஏறினாள்.

"பாத்தியா கோகிலா!" அவன் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டினான். "ஏ.சி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஆளுதான்!"

"வண்டிய எடுங்க அண்ணாச்சி, சிக்னல் விழப்போவுது."

செம்பூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பழைய வண்டி வந்தது. மன்சூர் அலி இறங்கியதும் சட்டையைப் பிடித்தான்.

"எம் பொண்டாட்டி ஏன்வே ஒம்ம வண்டியில வாரா?"

"உங்க சம்சாரமா? எது?"

"தெரியாத மாதிரி நடிக்காதேயும்!"

"அல்லா மேல ஆணை, தெரியாது அண்ணாச்சி. பின்னால யாரு இருக்கான்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்?"

அப்போது விஜயராணி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள்.

கணேசபாண்டியனின் பிடி தளர்ந்தது. "இந்த வண்டியிலயா தூங்குன?"

"குலுங்கலியே" என்று கொட்டாவி விட்டபடி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

"கதவுகூட மூடாது! இது எப்படிக் குலுங்காம வரும்?"

கோகிலவாணி டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா ஏறாத ட்ரிப்புல நம்மகிட்டயும் அது குலுங்காது அண்ணாச்சி. அப்பம் நீங்களும் ரோட்டைத்தான் பாப்பிய."