பாசியே சாப்பிடாதவன் எழுதும் கடிதம்

ஹிதாக்கா கடற்கரை,
ஜூலை 24

பெருமதிப்புக்குரிய மசாயே அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

தம்பி இவாவோ பணிவுடன் எழுதிக்கொள்வது. கடல் மூடுபனி பகலிலும் விலகாத, கரையோர ரோஜாப் புதர்கள் பூத்து உதிரும் இந்த நாட்களில், ஓசாகா வெயில் தங்களையும் அத்தானையும் வாட்டாமல் இருக்கிறதென்று நம்புகிறேன். நான் இங்கு நலமே என்று எழுதுவது முறை. முறைக்கு எழுதியாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தங்களுக்கு நினைவிருக்கும், போன வருஷம் இதே மாதம் என் உடம்பு ஓய்ந்து போனது. பக்கத்து வீட்டு ஹமானோ அம்மாவுக்கு உதவியாகக் கூழாங்கல் களத்தில் கடற்பாசியைக் காயப்போடப் போனவன், சற்றே உட்காருவோம் என்று உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டேன். எழுப்பியிருக்கலாம் இல்லையா? அந்தம்மா எழுப்பவில்லை. வேலை கெடக்கூடாதென்று என்னைச் சுற்றியே பாசியைப் பரப்பிவிட்டுப் போய்விட்டாள். விழித்துப் பார்த்தால் கால் வைக்க இடமில்லை, சரக்கை மிதித்தால் மீனவர் சங்கத்தில் தரம் குறைப்பார்கள், மத்தியானம் ஹமானோ வீட்டார் வந்து அள்ளும்வரை நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு திவசத்தில் பிக்கு ஓதும்போது குறட்டை விட்டேன். அவர் ஓதி முடித்தார், நான் முடிக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு திரிஞ்சேன். வயிறோ, நாலு நாளைக்கு ஒருதரம் போனால் அதிர்ஷ்டம். மத்த நேரமெல்லாம் உப்பிக்கொண்டு கல்லு மாதிரி கிடக்கும்.

சிஹாரு வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் மகளைத்தான் உனக்குத் தெரியுமே, கைப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி அப்பனைக் கூட்டிட்டுப் போவாள். மியாகே என்று ஒரு இளவயசு டாக்டர், தோக்கியோக்காரர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தைராய்டு மந்தமாயிடுச்சு, அசதியும் குளிரும் மலச்சிக்கலும் எல்லாம் அதனாலதான், தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடணும் என்றார். கடைசியாக, "கடற்பாசி நிறைய சாப்பிடுவீங்களா?"ன்னு கேட்டார். "இல்லை"ன்னேன். எழுதிக்கிட்டார்.

நீயே சொல்லு அக்கா, நான் சொன்னதில பொய் என்ன இருக்கு? நம்ம கரையில எவன் பாசி சாப்பிடறான்? அது விக்கிற சரக்கு. சின்ன வயசுல நீ ஒரு முனையைக் கிழிச்சு வாயில போட்டதுக்கு அப்பா அடிச்ச அடியில நீ மூணு நாள் அவரோட பேசல. நான் உனக்காக அழுது நானும் வாங்கினேன். வெயில்ல காஞ்ச பாசி வாசனை, அப்பாவோட ஈரக் கையுறை, அம்மா களத்துக்கே கொண்டுவர்ற சோத்து உருண்டை, எல்லாம் அந்த அடியோட சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வருது. நல்ல பாசியெல்லாம் உங்க ஊருக்குத்தான் வரும். கிழிஞ்ச முனையும் வேர்ப்பக்கமும்தான் நம்ம வீட்டுப் பானைக்கு. அதைப் பாசின்னு யாரும் கணக்குல வெச்சதில்ல.

மாத்திரை போட்டேன், குறையில்ல. ஒருநாள் கூட விடல. ஆனா அசதி ரெண்டு வாரம் போகும், மூணாவது வாரம் பெட்டியோட திரும்பி வந்துடும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். நீயும் உன் பங்குக்கு, வயித்துக்கு நல்லதுன்னு இனிப்புப் போட்டு வேகவெச்ச பாசி ஒரு டப்பா அனுப்பினே. இங்கேருந்து போன சரக்கு, அங்கே சக்கரை பூசிக்கிட்டு எனக்கே திரும்பி வந்துது. நீ ஆசையா அனுப்பினதாச்சேன்னு முழுசும் தின்னேன்.

கடைசியில சிஹாரு தீர்மானமா சொல்லிட்டா. ஜூலைல எடுக்கிற ரத்தமும் சரியில்லேன்னா நான் வீட்டைப் பூட்டிட்டு சப்போரோவுக்கு அவகிட்டப் போயிடணும். எட்டாவது மாடி. ரூம் ஒழிச்சாச்சு, திரைச்சீலை கூட வாங்கியாச்சாம். அக்கா, அறுபத்தொன்பது வருஷமா அலைச் சத்தத்துல தூங்கினவன், லிஃப்டு சத்தத்துல எப்படித் தூங்குவேன்? என் வீட்டுக்காரி தொமியேவோட செருப்பு இன்னும் வாசல்லதான் இருக்கு. அதை எங்கே கொண்டுபோய் வெப்பேன்?

மே மாசம் என் துணிமணியை மூட்டை கட்டிப் பார்க்க சிஹாரு வந்தா. காலையில நான் மாத்திரை போடறதைப் பார்த்துட்டு அப்படியே நின்னா.

"அப்பா, டம்ளர்ல என்ன?"

"தண்ணி."

"தண்ணி எதுக்குப் பச்சையா இருக்கு?"

உங்கம்மா போடற தண்ணிதாம்மான்னேன். உனக்குத் தெரியாது அக்கா, தொமியே தினம் சாயங்காலம் ரெண்டு துண்டுப் பாசியை ஒரு பாட்டில் தண்ணில ஊறப்போட்டு, காலையில முதல் வேலையா எனக்கு ஒரு டம்ளர் குடுப்பா. ரத்தம் சுத்தமாகும்பா. அவ போய் ஒன்பது வருஷமாச்சு, நானே போட்டுக் குடிக்கிறேன். மலச்சிக்கல் வந்தப்புறம் ஒரு டம்ளர் ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. மாத்திரையையும் அதுலயேதான் முழுங்கினேன். வயிறு வெறுமையாத்தானே இருந்துது.

சிஹாரு பாட்டிலையும் தூக்கிட்டு என்னையும் தள்ளிட்டு டாக்டர்கிட்டப் போனா. அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாசி சாப்பிடறதில்லைன்னு சொன்னீங்களேன்னார். சாப்பிடல டாக்டர், அது வெறும் கிழிசல்தானேன்னேன். மனுஷன் பேனாவைக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைச்சார். அப்புறம் பொறுமையா சொன்னார்: பாசில இருக்கிற அயோடின் அளவுக்கு மீறிப்போனா சுரப்பி வேலையை நிறுத்திடுமாம். நான் வியாதியை மூணு டம்ளர் குடிச்சுட்டு மருந்தை ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேனாம். ரெண்டு மாசத்துக்குப் பாசி ஒரு துளி கூடாது, சூப்புல கூட கூடாது, மாத்திரைக்குக் குழாய்த் தண்ணின்னார்.

விட்டேன் அக்கா. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, முதல் வாரம் காலையில குழாய்த் தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு சமையலறையில நின்னு அழுதேன். தொமியே போன அன்னைக்கு ஊரே வந்திருந்துது, அப்ப அழல. அந்தப் பச்சைத் தண்ணி இருந்தவரைக்கும் காலையில அவ எழுந்துட்டாங்கிற மாதிரியே இருந்துது. இப்ப வீட்டுல நான் ஒருத்தன்தான் எழுந்துக்கிறேன்.

ஆனா உள்ளதைச் சொல்லணும். மூணாவது வாரம் கோட்டைக் கழட்டினேன். அஞ்சாவது வாரம் வயிறு தினப்படி ஒழுங்குக்கு வந்துது. இந்த மாசம் களத்துல ஹமானோ அம்மாவுக்குச் சமமா வேலை செஞ்சேன், உட்காரவே இல்ல. பத்து நாள் முன்னாடி ரத்தம் பார்த்தாங்க. கிட்டத்தட்ட சரியாயிடுச்சு, மாத்திரையைப் பாதியாக் குறைச்சாச்சு. "சரிப்பா, இனி கவலையில்ல. நீங்க அங்கேயே இருங்க"ன்னு சிஹாரு சொல்லிட்டா. திரைச்சீலையைக் கடைல திருப்பிக் குடுத்துட்டாளாம். ஜெயிச்சுட்டேன் அக்கா. இந்த வீட்டை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது.

அத்தானுக்கு என் வணக்கங்களைத் தெரிவிக்கவும். வெயில் தணியும்வரை தாங்கள் இருவரும் வெளியில் அலையாமல், நல்ல பசியும் நல்ல உறக்கமுமாக நீடூழி இருக்க வேண்டுமென்று இந்தக் கடலைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
இவாவோ

பின்குறிப்பு: உடம்பு சரியில்லாதப்ப சிஹாரு தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவா. வயிறு போச்சா, எங்கேயாவது தூங்கிட்டீங்களான்னு கேப்பா. நான் எரிஞ்சு விழுவேன். ரிசல்ட் வந்து பத்து நாளாச்சு, ஒரு போன் இல்ல. நல்லாயிருக்கேன்னு நிம்மதியா இருக்கா, பாவம். நீ ஒண்ணு செய்யேன். அவளுக்கு போன் போட்டு, தம்பி எழுத்துல கொஞ்சம் அசதி தெரியுதுன்னு மட்டும் சொல்லு. அப்படியே, அந்த எட்டாவது மாடி ரூமுல ஜன்னல் எந்தப் பக்கம்னும் கேட்டு எழுது.