பெட்டிக்குள் இருந்த அவுக

“படிச்சதெல்லாம் சரிதான். அந்தக் காயிதத்தப் பத்திரமா வச்சுக்கிற துப்பு இருக்கா உனக்கு?”

எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்தை நான் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டியபோது பெரியப்பா கேட்டது இது. டைப்ரைட்டிங் படிக்கத் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறும்வரை அவரோடு நான் பேசவில்லை.

அங்கே பெண்கள் விடுதியில் வேலை பார்த்தவர் வெயிலக்கா. சூரியனையே அதட்டி வேலை வாங்கிய ஒரே மனுஷி அவர்தான். தலையணை, செருப்பு, ஊறுகாய்ச் சாடி, எது கண்ணில் பட்டாலும் மொட்டை மாடிக்குப் போய்விடும். சளி பிடித்த பந்தல்குடிப் பெண் ஒருத்தியைப் பாயோடு தூக்கிப்போய்க் காயவைத்து, மதியம் மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

எல்லாம் பூசணத்தின் மேல் இருந்த பகை. ஆனால் அதன் பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். புருஷன் பெயரைச் சொல்லாத எங்கள் பக்கத்துப் பெண்களைப் போல ‘அவுக’ என்பார். “சாடியில அவுக எட்டிப் பாக்காக” என்றால், நாங்கள் சாடியோடு மாடிக்கு ஓட வேண்டும்.

அந்த ஐப்பசியில், எங்கள் வறண்ட சீமையில், ஒரு வாரம் விடாமல் மழை கொட்டியது. சுவர்களெல்லாம் வியர்த்தன. எனக்கோ திங்கட்கிழமை மதுரையில் வேலைக்கு இன்டர்வியூ. அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து புது வார்டன் வந்து சேர்ந்தார். ‘அவுக’ என்றால் இந்தப் பக்கம் புருஷன் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெயிலக்கா அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“மாடி ரூம்புக்கு அவுக வந்துட்டாகம்மா. நாலு நாளாத் தங்கியிருக்காக போல. வாடை அடிக்குது.”

வார்டன் முகம் வெளுத்தது. “யாரோட அவுக?”

“திருச்சுழிப் புள்ளையோடதுதான். பெட்டிக்குள்ள இருக்காக.”

வார்டன் குடையை ஓங்கியபடி படியேறி வந்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஆள் இல்லை என்று அவர் மூச்சு விட்டார். எனக்கு மூச்சு நின்றது. என் புத்தகத்தின் மேல் பச்சைப் பசேலென்று பூசணம். பெரியப்பா பக்கத்தில் நின்று சிரிப்பது போல இருந்தது.

வெயிலக்கா என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வார்டனின் குடையை வாங்கிப் பிடித்து, கொட்டும் மழையில் அரிசி ஆலைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். உமி எரியும் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, உலர்ந்த துணியால் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்துத் திருப்பினார். புத்தகம் தலைகீழாக இருந்தது. மார்க்குப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

“செவப்பு மையே காணோமே. அப்ப எல்லாத்துலயும் பாஸாக்கும்.”

அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் வேலை வாங்கினேன். சேர்ந்த முதல் நாள், அலுவலகத்துப் பழைய கோப்புகள் கிடந்த அறையைத் திறந்ததும் அதே வாடை. மதியத்துக்குள் பாதிக் கட்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். அதிகாரி மூச்சிரைக்க ஏறிவந்து, யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்றார்.

“எங்க அக்கா சொல்லியிருக்காக சார்” என்றேன். வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டைப் பிரித்து, மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.