நம்ம நேரப்படி ஐந்து மணி

தமிழில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருக்கிறது. கெட்ட வார்த்தை இல்லை. ‘நம்ம.’ அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும், வலது கணுக்காலும் கூடவே வலிக்கும். யாராவது ‘நம்ம ஆள்’, ‘நம்ம கடை’ என்று பேச்சைத் தொடங்கினால், ‘நம்ம என்றால் யார்?’ என்று குறுக்கே கேட்டுவிடுவேன். இதனால் கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

நான் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இருக்கும் ஒரே பெருமை தேதி. கோயிலுக்குத் தகரக் கூரை போட்டது எந்த வருஷம், சித்தப்பா இறந்தது என்ன கிழமை என்று அலோன், லத்தா பேட்டைகளிலிருந்து ஆட்கள் எனக்குப் போன் செய்து கேட்பார்கள். சொல்வேன். தப்பியதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் தேதி ஒன்றுகூட வராது. என் தங்கை மகள் செல்வி தடை போட்டிருக்கிறாள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தேதிக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்தது ஒரு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையின் வாழ்க்கை. பெயர் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவள் பெயர் ‘அமெரிக்காக்காரி’. (என் மனைவி வைத்தது. அந்தத் தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது.) பல வருஷத்துக்கு முன்பு ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். பதினாறு வயசு. உள்ளங்கை அகலமுள்ள பீம் என்ற கட்டை மேல் தலைகீழாக நடந்துவிட்டு, இறங்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டாள். ‘இவள் கதை முடிந்தது’ என்றார் வர்ணனையாளர், சட்டைக் காலர்கூடக் கசங்காத ஒரு மனிதர். எனக்கு வந்த கோபத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என் பொறுப்பு.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தாள். கல்லூரி அணிக்கு ஆடினாள். ‘இனி விளையாட்டுக்கு ஆடுவாள், பதக்கத்துக்கு இல்லை’ என்று எழுதினார்கள். மறுபடி தேசிய அணிக்கு வந்தாள். மறுபடி அதே கணுக்கால், மறுபடி கத்தி, மறுபடி ‘முடிந்தது’. ஒரு ஆளை எத்தனை தடவைதான் முடிப்பார்கள்? அத்தனையையும் தாண்டி, மற்ற பெண்கள் அக்கா என்று கூப்பிடும் வயதில், உலகப் போட்டியின் பீம் இறுதிச்சுற்றுக்கு வந்து நின்றாள்.

அதே மழைக்காலத்தில்தான், தங்கை வீடு இருக்கும் தாகேதாவில், செல்விக்கும் கணுக்கால் பிசகியது.

செல்விக்குப் பதினைந்து வயசு. பள்ளியில் அவளுக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டில் செல்வி. ஏழு வயசிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கும் பீம்தான். கால் வீங்கி அவள் வீட்டுக்கு வந்த அன்றே, அவள் அப்பா முத்தையா பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். லத்தாவில் அவர் அண்ணனுக்குத் துணிக்கடை இருக்கிறது, பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காரட்டும் என்றார்.

முத்தையா கல்நெஞ்சக்காரர் இல்லை. அலோன் படகுத்துறையில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. படகுக்கும் கரைக்கும் நடுவே போடும் பலகையிலிருந்து ஆட்கள் விழுவதைப் பார்த்தவர். விழுந்தவர்களில் ஒருவர் இன்றும் அவர் தெருவில் ஊன்றுகோலோடு நடக்கிறார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காக்காரியின் முழு வரலாற்றையும், தேதிவாரியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவருக்குச் சொல்லி முடித்தேன். சோறு ஆறியது. முத்தையா கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“சரி மச்சான். அந்தப் பொண்ணு விழாம இறங்கட்டும், இவளும் போகட்டும். விழுந்தா கடைக்குத்தான்.”

“சரி” என்றேன். செல்வி பாத்திரம் எடுக்க வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கு அப்போது வயசு அறுபத்து மூன்று. ஒரு பெண்பிள்ளையின் முகத்தில் இருப்பது நன்றியா வேறா என்று தெரியாத அறுபத்து மூன்று.)

எங்கள் பகுதிகளில் மின்சாரம் முறை வைத்து வரும் என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் தாகேதாவில் பகல் இரண்டிலிருந்து ஆறு வரை. தங்கை வீட்டு பேட்டரிப் பெட்டி மழைக்காலத் தொடக்கத்திலேயே செத்துவிட்டது. போட்டி எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. டிஷ் வழியாக வரும் தமிழ் விளையாட்டுச் சானலில் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: ‘நம்ம நேரப்படி மாலை ஐந்து மணிக்கு.’ ஐந்துக்குத் தொடங்கினால் ஆறுக்குள் முடிந்துவிடும். நான் எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். ஐந்து மணி. ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடிவிட்டோம். நடுவீட்டில் ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் முத்தையா, மறுமுனையில் நான். தரையில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி செல்வி. தங்கை லப்பே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஊறிய தேயிலையும் வறுத்த பருப்பும் தின்றபடி திரையைப் பார்த்தோம். திரையில் புடவைக்கடை விளம்பரம்.

பிறகு நகைக்கடை. பிறகு பழைய கபடி ஆட்டம் ஒன்று. பிறகு மறுபடி புடவை. ஐந்தே கால். ஐந்தரை. முத்தையா பருப்பை மென்றுகொண்டே, அமெரிக்காக்காரி புடவை கட்டிக்கொண்டுதான் வருவாளா, கட்டி முடிக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார். நான் சானல்காரர்களைத் திட்டினேன். நேரம் காக்கத் தெரியாதவர்களுக்கு எதற்குத் தொலைக்காட்சி என்றேன். அந்தச் சூட்டிலேயே உலகத்தில் நேரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பர்மா கடிகாரம் ஏன் பல நாடுகளைவிட அரைமணி தள்ளி நிற்கிறது என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். இந்தியாவைவிட நாம் ஒரு மணி நேரம் முன்னால் என்பதையும் நானே, என் வாயாலேயே சொன்னேன்.

செல்வி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

“மாமா, இந்தச் சானல் எந்த ஊரு?”

“சென்னை.”

“அப்ப ‘நம்ம’ன்னா யாரு?”

சிறுவயதிலிருந்து அந்தத் தமிழைக் கேட்டு, அந்தத் தமிழைப் படித்து, அவர்கள் ‘நம்ம’ என்றபோதெல்லாம் அதில் என்னையும் சேர்த்துதான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தவன் நான். கடல் தாண்டி இருக்கும் ஒரு மனிதனை அவர்கள் ஏன் கணக்கில் வைக்க வேண்டும்? அவர்களுக்கு ஐந்து என்றால் எங்களுக்கு ஆறு. ஆறு என்றால் மின்சாரம் போகும். என் முகத்தைப் பார்த்தே முத்தையாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அரங்கத்தைக் காட்டினார்கள். அமெரிக்காக்காரிதான் முதலில். வந்தாள், கையில் சுண்ணப்பொடியைத் தட்டினாள், நடுவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், பீமைத் தொட்டாள். மின்சாரம் போய்விட்டது. தெருவில் யாரோ பெருமூச்சு விட்டது வீட்டுக்குள் கேட்டது.

“அவ்வளவுதான்” என்று முத்தையா முழங்காலில் கைவைத்தார். “உள்ளங்கை அகலக் கட்டையில எவ நிப்பா? எங்க பலகை அதைப்போல மூணு மடங்கு. அதுலேயே நிக்க மாட்டேங்கிறானுங்க. விழுந்திருப்பா மச்சான். விடுங்க.”

மின்சார இலாகா மீது கோபம். சானல் மீது கோபம். காலர் கசங்காத அந்தப் பழைய வர்ணனையாளர் மீது கோபம். எல்லாம் சேர்ந்து என்னைக் கிளப்பிவிட்டது. “நிற்கலாம்” என்று கத்தினேன். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சின் என் முனையில் ஏறி நின்றேன். கையை உயர்த்தினேன். ஒரு காலையும் உயர்த்தினேன். தங்கை “அண்ணே” என்றாள். என்னைப் பிடிக்கலாம் என்று முத்தையா எழுந்தார்.

அங்கேதான் விஷயம். அந்தப் பெஞ்சின் கால்கள் முனையில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கும். மறுமுனையில் முத்தையா உட்கார்ந்திருக்கும்வரை நான் வீராங்கனை. அவர் எழுந்ததும் பெஞ்சின் அந்த முனை மேலே போயிற்று, இந்த முனையோடு நான் கீழே போனேன். லப்பே தட்டு எங்கே போயிற்று என்று மறுநாள்தான் தெரிந்தது. நான் விழவில்லை, விழ வைக்கப்பட்டேன் என்பது என் தரப்பு. இன்றுவரை யாரும் ஏற்கவில்லை.

செல்விதான் என் காலை மடியில் எடுத்து வைத்தாள். தன் கட்டை அவிழ்த்து அதே துணியால் என் கணுக்காலைக் கட்டினாள். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை ஏற்றி, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். முத்தையா எனக்குக் குடை பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். வார்டு கிளினிக்கில் ஜெனரேட்டர் ஓடியது, போனுக்கும் கொஞ்சம் உயிர் இருந்தது. செல்வி எதையோ தேடிப் படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“விழுந்துட்டா.”

நான் ஆரம்பித்தேன். நடுவர்கள் காக்க வைத்தால் உடம்பு ஆறிவிடும், முதலில் ஆடுவது எப்போதுமே நஷ்டம், இதற்கு முன்பும் ஒரு தடவை, அது எந்தத் தேதி என்றால்...

“மாமா, சும்மா இருங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அவ விழுந்தா நான் ஏன்ப்பா கடைக்குப் போகணும்? ரெண்டு பேரும் சோத்து முன்னால உக்காந்து என்னைப் பந்தயம் வச்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் பீம்ல ஏறி ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான். அவ எந்தத் தேதியில எங்கே ஆடினான்னு எல்லாம் தெரியும். நான் கடைசியா எப்ப ஆடினேன், சொல்லுங்க மாமா.”

ஊரெல்லாம் தேதி கேட்கும் மனிதன் நான். தெரியவில்லை. அவளுடைய ஒரு போட்டியின் தேதிகூட எனக்குத் தெரியவில்லை.

முத்தையா நனைந்த குடையைச் சுவரில் சாய்த்தார்.

“விழுந்தப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?”

“திரும்ப ஏறினா. விழுந்தா பத்து செகண்டு குடுப்பாங்கப்பா. அதுக்குள்ள ஏறி, மிச்சத்தை முடிச்சுட்டுத்தான் இறங்கினா.”

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

“மச்சான் ஏறலையே” என்றார்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பர்மிய டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார். (கட்டணமும் வாங்கிக்கொண்டார்.) சிரிப்பு அடங்கியதும் முத்தையா மகளிடம் சொன்னார்: “கால் ஆறினதும் போ. ஆனா அடுத்த போட்டிக்கு நான் வந்து பார்ப்பேன். எப்பன்னு நீயே சொல்லு. இவர்கிட்ட கேட்டுடாதே.”

செல்வியின் கால் சீக்கிரம் ஆறிவிட்டது. என்னுடையது மழைக்கு மழை ஞாபகப்படுத்துகிறது. இப்போது எங்கள் குடும்பத்தில் நான் கல்யாண முகூர்த்தம் சொன்னாலும், பஸ் நேரம் சொன்னாலும், ‘நம்ம நேரமா, அவங்க நேரமா?’ என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. கைக்குழந்தை மட்டும்தான் பாக்கி. அமெரிக்காக்காரி ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தத் தேதி எனக்குத் தெரியும், சொல்ல அனுமதியில்லை.

சில மாதம் கழித்து செல்வியிடமிருந்து போனில் செய்தி வந்தது: ‘சனிக்கிழமை காலை பத்து மணி. நம்ம நேரம்.’ உடனே கூப்பிட்டு, நம்ம என்றால் யார் என்று கேட்டேன். “என் நேரம் மாமா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்பதுக்கே போய்விட்டேன். முத்தையா எனக்கும் முன்னால் வந்து, பார்வையாளர் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சின் முனையில் உட்கார்ந்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி, படகுத்துறைக் குரலில் கூப்பிட்டார்:

“வாங்க, அமெரிக்காக்காரி. பயப்படாம உக்காருங்க. அவ இறங்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”