தேத்தண்ணி மணக்காத எண்ணெய்

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் சுஜாந்தி நடத்திய அழகு நிலையத்துக்கு யார் வந்தாலும், கதிரையில் இருந்தவுடன் முதலில் தலையைத்தான் சொறிவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீரில் பாதி உப்பு, காற்றில் பாதி மணல். முழுகிவிட்டு வந்த தலையும் முழுகாத தலை மாதிரியே இருக்கும். அரிப்பு என்பது மாதா கோவில் பக்கம், பள்ளிவாசல் பக்கம், அம்மன் கோவில் பக்கம் என்று ஆள் பார்த்து வருவதும் இல்லை. அந்த ஊர்களில் எல்லாரையும் சமமாக நடத்தியது அது ஒன்றுதான்.

இதற்கு மருந்து சுஜாந்தியின் போனில் வந்தது. ஒரு பெண் கண்ணாடி மாதிரியான கூந்தலை ஆட்டிக்கொண்டு, டீ ட்ரீ ஒயில் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னாள். அவுஸ்திரேலியாவில் வளரும் ஏதோ ஒரு மரத்தின் இலையிலிருந்து வடிப்பதாம். சுஜாந்தி கொழும்பிலிருந்து சின்னச் சின்னப் போத்தல்களாக எடுப்பித்தாள். மூடியைத் திறந்தால் கற்பூரம் மாதிரி ஒரு வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் ஓரிரு துளி விட்டுத் தேய்த்ததில், பக்கத்து வீட்டுக் கத்தரினாவின் பொடுகு மெல்ல மெல்லக் குறைந்தது. அதே கலவையைப் பஞ்சில் தொட்டு வைக்க, கத்தரினாவின் மகளுக்குப் பருவும் வற்றியது.

அந்த அளவில் சுஜாந்தி நின்றிருக்கலாம். ஆனால் கைராசி என்று ஊர் சொல்லத் தொடங்கினால் யார்தான் நிற்பார்கள்? கால் வெடிப்புக்கு அந்த எண்ணெய், தேமலுக்கு அந்த எண்ணெய், முடி கொட்டினாலும் அதுதான், முடி கொட்டுமோ என்று பயந்தாலும் அதுதான் என்று கொடுத்துக்கொண்டே போனாள். தமிழில் பெயர் இருந்தால் இன்னும் விற்கும் என்று தோன்றியது. ஆங்கிலப் பெயரைப் போனில் போட்டாள். போன் யோசிக்காமல் ‘தேயிலை மர எண்ணெய்’ என்று தந்தது. அதைப் பச்சை எழுத்தில் அச்சடித்து எல்லாப் போத்தலிலும் ஒட்டினாள்.

அவளுடைய புருஷன் லோறன்ஸ் கடலுக்குப் போகிறவன். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தேயிலை மரமோ? நுவரெலியாப் பக்கம் போகேக்க பாத்தனான். அது இடுப்பளவுச் செடியெல்லோ?”

“போன் அப்பிடித்தான் சொல்லுது.”

“போன் சொன்னாச் சரிதான்,” என்று லோறன்ஸ் வலை பார்க்கப் போய்விட்டான்.

அந்த நாட்களில் அந்தப் பகுதியில் கரையோர மேனி மற்றும் கேச நலன் ஒழுங்கமைப்பு உப அலுவலகம் என்று ஒன்று திறக்கப்பட்டிருந்தது. அது எதை ஒழுங்கமைக்கிறது என்பது அதைத் திறந்தவர்களுக்கும் முழுமையாகத் தெரியாது. ஆனால் அங்கே கதிரைகள் வந்து இறங்கியிருந்தன. கதிரைகள் வந்துவிட்டால் அதில் ஆட்கள் இருக்கத்தானே வேண்டும். பெரிய கதிரையில் பொறுப்பதிகாரி திரு. இராமலிங்கம் இருந்தார். சின்னக் கதிரையில் அபிவிருத்தி உத்தியோகத்தர் டிலக்‌ஷன் இருந்தான்.

இராமலிங்கத்துக்கும் பொடுகு. நீலச் சட்டை போட்டு வந்தால், மத்தியானத்துக்குள் இரண்டு தோளிலும் உப்பு விளைந்திருக்கும். அவருடைய மனைவி இரஞ்சிதம் சுஜாந்தியிடம் ஒரு போத்தல் வாங்கி வந்தாள்.

“தேங்காயெண்ணெயில ஓரிரு துளிதானாம் விடவேணும். தனிய பூசக் கூடாதாம்,” என்றாள்.

இராமலிங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “கலப்படத்தைப் பிடிக்கிற பொறுப்பில இருக்கிறவன் நான். என்ட தலையிலயே கலப்படம் செய்யச் சொல்லுறீரோ?”

சொல்லிவிட்டுப் போத்தலை அப்படியே உச்சியில் கவிழ்த்தார். அதன்பிறகு வெகுநேரம் அவர் கிணற்றடியில் குந்தியிருந்தார். இரஞ்சிதம் வாளி வாளியாக இறைத்து ஊற்றினாள். அடுத்த நாள் நெற்றியிலிருந்து உச்சிவரை அவித்த இறால் நிறத்தில் அலுவலகம் வந்தார். உத்தியோகத்தர்கள் எழுந்து நின்று, எதையுமே காணாதவர்கள் மாதிரி காலை வணக்கம் சொன்னார்கள்.

இராமலிங்கம் நீதியான மனிதர். சொந்தக் கோபத்துக்கு அரச அதிகாரத்தைப் பாவிப்பது அவருக்கு அறவே பிடிக்காது. ஆகவே டிலக்‌ஷனைக் கூப்பிட்டு, ‘பொதுமகன் ஒருவர்’ என்று கையெழுத்திட்டுத் தனக்கு ஒரு முறைப்பாடு எழுதச் சொன்னார். அவன் எழுதிக் கொடுத்ததை வாசித்து மிகவும் அதிர்ச்சியடைந்தார். உடனே வாகனத்தை எடுக்கச் சொன்னார்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் ஒரு போத்தலைத் திறந்து, தூரத்தில் பிடித்தபடி முகர்ந்து பார்த்தார்.

“இதில என்ன எழுதியிருக்கு, தங்கச்சி?”

“தேயிலை மர எண்ணெய், சேர்.”

“தேத்தண்ணி வாசம் இல்லையே.”

“அது தேயிலை இல்ல, சேர். அது வேற மரம். அவுஸ்திரேலியாவில நிக்கிறது.”

“அப்ப தேயிலை எண்டு ஏன் எழுதினீங்க?”

“போன் அப்பிடிச் சொல்லிச்சு, சேர்.”

“போனுக்கு அந்த அதிகாரத்தை எழுத்துமூலம் குடுத்தது ஆர்?”

டிலக்‌ஷன் தன் போனில் தேடிப் பார்த்தான். “சேர், இதிலயும் தேயிலை மரம் எண்டுதான் கிடக்கு,” என்றான். ஆகவே குற்றச்சாட்டு இரண்டு போன்களால் உறுதிப்படுத்தப்பட்டது. போத்தல்களுக்குச் சீல் வைத்தார்கள். பெயரும் பொருளும் ஒத்துவரும்வரை கடை பூட்டப்படும் என்றார் இராமலிங்கம்.

கடல் குழம்பி, லோறன்ஸ் கரையில் சும்மா இருந்த காலம் அது. கடையும் பூட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. சுஜாந்தி கெஞ்சினாள்.

“சேர், பெயரை மாத்துறன். இப்பவே கிழிச்சுப் போடுறன்.”

“பெயரை மாத்துறதெண்டா கொழும்புக்குப் போகவேணும். மூண்டு மொழியிலயும் குழு இருக்கு. குழு கூடினாத்தான் சரி. அது கூடுறேல்ல.” அவர் குரல் இளகியது. “ஆனா உள்ளுக்கை இருக்கிற பொருளை மாத்துறதெண்டா எங்கட மட்டத்திலயே செய்யலாம்.”

“பொருளை மாத்துறதோ?”

“ஓம். பெயரில என்ன இருக்கோ அதைப் போத்தலுக்கை போடுங்க. சட்டம் கேக்கிறது அவ்வளவுதான்.”

அன்று மத்தியானம் சுஜாந்தி தேங்காயெண்ணெயில் தேயிலைத் தூளைக் கொட்டிக் காய்ச்சினாள். லோறன்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தான். “சீனி போடுறியோ?” என்று மட்டும் கேட்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வெளியே போய்விட்டான்.

எண்ணெயின் மாதிரிப் போத்தல் ஒன்று அலுவலகத்துக்குப் போனது. பரிசோதனை முறைப்படி நடந்தது. அலுவலகத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் எண்ணெயை வைத்து நிறம் பார்த்தார்கள். இராமலிங்கம் முகர்ந்தார். டிலக்‌ஷன் முகர்ந்தான்.

“தேயிலை இருக்கு. எண்ணெய் இருக்கு,” என்றார் இராமலிங்கம். பிறகு அவர் முகம் சுருங்கியது. “மரம் எங்க?”

சுஜாந்தி அவசரமாகச் சொன்னாள். “மர அகப்பையாலதான் கிண்டினனான், சேர்.”

“அப்ப சரி,” என்று அவர் அனுமதி வழங்கினார்.

முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்பதற்காக இராமலிங்கமே முதலில் அதைப் பூசினார். எரியவில்லை. அவருக்கு மிகுந்த திருப்தி. பொடுகு போனதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் தேயிலையில் ஊறி அது மண்ணிறமாகிவிட்டது. அவர் நீலச் சட்டைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு மண்ணிறச் சட்டை போடத் தொடங்கினார். தோளில் எதுவும் தெரியவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில், ‘பொடுகு வெற்றிகரமாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது’ என்று எழுதினார்கள்.

பொறுப்பதிகாரி மண்ணிறம் போட்டால் மற்றவர்கள் வேறு நிறம் போடலாமா? அலுவலகம் முழுவதும் மண்ணிறமாகியது. அலுவலகத்தைப் பார்த்து வங்கி, வங்கியைப் பார்த்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள். கற்பிட்டித் தையல்காரர்களிடம் மண்ணிறத் துணி முடிந்து, புத்தளத்திலும் முடிந்தது. கலியாண வீட்டுக்கும் மண்ணிறச் சேலை உடுத்துப் போனார்கள். தோளில் கொஞ்சம் மண்ணிறத் தூள் கிடந்தால், அவர்கள் அசல் எண்ணெய் பூசுகிற குடும்பம் என்று அர்த்தம். வெறும் தோளோடு வந்தவர்களுக்குப் பந்தியில் கடைசி இடம்தான் கிடைத்தது.

சுஜாந்திக்கு விற்பனை அமோகம். ஆனாலும் மனதில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. சீல் வைக்க வந்தவர்கள் அலுமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த ஒரு பழைய போத்தலைக் காணவில்லை. அதை அவள் ஒளித்து வைத்திருந்தாள். அதை யாருக்காவது கொடுத்து ஒரு தலையையாவது சுகப்படுத்தினால் தேவலாம் என்று இருந்தது.

ஒருநாள் தில்லையடியிலிருந்து ஷஃபீனா வந்தாள். சொறிந்து சொறிந்து தலையில் புண்ணே வந்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. சுஜாந்தி கதவைச் சாத்திவிட்டு, ஒளித்து வைத்த போத்தலிலிருந்து கொஞ்சத்தை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துக் குரலைத் தணித்தாள்.

“ராத்தா, புண் ஆறும்வரைக்கும் ஒண்டும் பூசாதீங்க. ஆறினாப் பிறகு இதைத் தேங்காயெண்ணெயில ஓரிரு துளி மட்டும் விடுங்க. ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க.”

சில கிழமைகள் கழித்து ஷஃபீனா திரும்பி வந்தாள். தலை சுத்தமாக, தோள் சுத்தமாக இருந்தது. முகம்தான் சரியில்லை.

“அரிப்பு எப்பிடி, ராத்தா?” என்று சுஜாந்தி ஆசையோடு கேட்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ், அது போயிட்டு.”

“பிறகென்ன?”

“போனதுதான் கரச்சல், தங்கச்சி. எங்கட மாமி என்ட தோளத் தடவிப் பாக்கிறா. ஊரெல்லாம் கொட்டுது, ஒனக்கு மட்டும் ஏன் கொட்டல்ல, நம்மளுக்கு எண்ணெ வாங்க வக்கில்லியா என்டு கேக்கிறா. எனக்கு மத்த எண்ணெயத் தாங்க. கொட்டுறதைத் தாங்க.”

சுஜாந்தி தேயிலை எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். கற்பூர வாசப் போத்தலை ஒளிக்கவேண்டிய தேவைகூட இனி இல்லை என்று அவளுக்குப் பட்டது. யாரும் அதைத் தேடப்போவதில்லை.

அலுவலகம் அந்த வருடம் கேச நலன் விழா எடுத்தது. சிறந்த உள்ளூர் உற்பத்தியாளர் என்று சுஜாந்தியை மேடைக்கு அழைத்திருந்தார்கள். அவள் மண்ணிறச் சேலை உடுத்துப் போனாள். மேடைப் படியில் டிலக்‌ஷன் அவளைத் தடுத்தான்.

“அக்கா, உங்கட தோளில ஒண்டும் இல்ல.”

“எனக்குப் பொடுகே இல்ல, தம்பி.”

“அதை வெளியில சொல்லாதீங்க. உங்கட எண்ணெயில உங்களுக்கே நம்பிக்கை இல்ல எண்டு சனம் நினைக்கும். படமும் எடுக்கினம்.”

சுஜாந்தி மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே விருந்தினருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தேயிலைப் பேணியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு தோளிலும் அளவாகத் தூவினாள். கொஞ்சம் கூந்தலிலும் விழுந்தது. மேடையில் இராமலிங்கம் அவள் தோளைப் பார்த்து மனம் நிறைந்து சிரித்தார். பொன்னாடையைக்கூடத் தூள் கலையாமல் பக்குவமாகப் போர்த்தினார்.

கைதட்டல்தான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அதற்கு யாரும் காரணம் அல்ல. வெயில் ஏற ஏற, எல்லாருடைய ஒரு கையும் தலைமுடிக்குள் போய்விட்டது. மிஞ்சிய ஒரு கையால் எதைத் தட்டுவது? மேடையில் நின்ற சுஜாந்திக்கும் உச்சந்தலையில் ஏதோ ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையும் மேலே போனது.

அன்று பின்னேரமே டிலக்‌ஷன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினான். ‘கூடியிருந்த பொதுமக்கள் அனைவரும் தலையில் கைவைத்தபடி இத்திட்டத்தை வரவேற்றனர்’ என்று அதில் இருந்தது. இராமலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடது கையால் தலையைச் சொறிந்துகொண்டு, வலது கையால் கையெழுத்து வைத்தார்.