பறவை ஊரில் சரவெடி

சிவகாசியில் மழைக்காக வெடிக் கம்பெனிகள் மூடியதுண்டு, ஸ்டிரைக்குக்காக மூடியதுண்டு. சரவெடி அண்ணாச்சியின் வாய் மட்டும் எதற்காகவும் மூடியதில்லை. பற்றவைக்கவே வேண்டாம். எதிரில் ஓர் ஆள் நின்றால் போதும், கடைசி வெடி வரை வெடித்துவிட்டுத்தான் ஓய்வார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி. அவர் லாரியில் லோடு ஏற்றுவார், நான் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேச்சையும் அந்த வகுப்பிலேயே வைத்துவிட்டு வந்தவன் என்று அண்ணாச்சி சொல்வார். கல்யாணம் கட்டவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் பேரைக் கேட்டார்கள், நான் பதில் சொல்வதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்பது அவர் கட்டிவிட்ட கதை.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் என் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நான் உலை வைத்து, வடித்து, சாப்பிட்டு முடிக்கும் வரை பேசுவார். நான் "ம்" கொட்டினால் போதும். மறந்துவிட்டால் அதையும் அவரே கொட்டிக்கொள்வார்.

அவருக்குப் பிடித்த விஷயம் பிள்ளை வளர்ப்பு. அப்போது அவருக்குப் பிள்ளையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அதனால் எல்லாம் தெரிந்திருந்தது. பேச்சியம்மா அக்கா அழுகிற பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி கம்பெனி வேனில் ஏறுவார். அண்ணாச்சி பின் சீட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

"தூக்கித் தூக்கித்தான் கெடுக்கீக. அளுதா அளட்டும், நெஞ்சு விரியும். தொட்டிலுக்குப் பக்கத்துல தெனம் ஒரு சரம் போடுங்க. சிவகாசிப் புள்ளை சத்தத்துலதான் வளரணும்."

"நீங்க ஒண்ணப் பெத்து வளத்துட்டு வந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்பார் பேச்சியம்மா அக்கா.

நாற்பது தாண்டி அவருக்குக் கல்யாணம் ஆனது. ஸ்டெல்லா மதினி நர்ஸ். புருஷனை நிறுத்த வேண்டுமென்றால் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிடுவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஜெசி பிறந்தாள்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சரவெடி நமுத்துப்போனது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். கொண்டியில் துணி சுற்றினார். பால்காரர் மணியடிக்கக் கூடாது, உப்பு விற்கிறவர் தெருமுனையிலேயே நின்று கையை ஆட்ட வேண்டும். நான் ஒருநாள் தும்மினேன். வாசலில் வந்து நின்று, என் மூக்கையே பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் என் மின்விசிறி கிறீச்சிடுகிறதென்று ஏணியோடு வந்து அதற்கும் எண்ணெய் விட்டார்.

வேனிலும் கிசுகிசுப்புதான். பேச்சியம்மா அக்கா விடுவாரா?

"என்ன அண்ணாச்சி, தொட்டில் பக்கத்துல சரம் போட்டாச்சா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது அடுத்தவுக புள்ளைக்குச் சொன்னது தாயி."

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சாயங்காலம் வாளி உட்கார ஆளில்லாமல் கவிழ்ந்தபடியே கிடந்தது. உலை கொதிக்கிற சத்தம் இவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் பேசாத வீட்டில் "ம்" கொட்டவும் முடியாது. ஒருநாள் எண்ணெய் விட்ட மின்விசிறியைப் பார்த்தபடி, பழைய கிறீச்சாவது இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

இத்தனை அமைதியிலும் ஜெசி தூங்கவில்லை. அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். மதினியின் கண்கள் குழிந்துவிட்டன. அமைதி போதவில்லை என்று அண்ணாச்சி முடிவு கட்டினார். தீபாவளி நெருங்கியது. வீடு வீடாகப் போய், இந்த வருஷம் தெருவில் வெடி வேண்டாம், மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டார். சிவகாசியிலேயே வெடி போடாதே என்று கேட்ட முதல் ஆள் என்று அவருக்கு மாலை போடாத குறை; யாரும் கேட்பதாக இல்லை.

மதினியின் தோழி ஒருத்தி தூரத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். கண்மாய் மரங்களில் நாரையும் கொக்கும் வந்து அடையும் ஊர். அவற்றுக்காக அங்கே யாரும் வெடி போடுவதில்லை. தீபாவளிக்கு அங்கே போவோம், பையைத் தூக்க நீயும் வா என்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். பை மிகவும் சின்னது. அதற்கு நான் எதற்கு என்று கேட்காமல் கிளம்பினேன்.

அந்த ஊரின் அமைதியை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. போய் இறங்கியதும் ஜெசி ஆரம்பித்தாள். கண்மாய்க்கரையில் அண்ணாச்சி அவளைத் தோளில் போட்டு நடந்தார், உஸ் உஸ் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஐயா, எங்க ஊர்ல வெடி போடுறதில்ல."

"இது வெடி இல்லங்க, எங்க பாப்பா" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

"பறவைக்கு அது தெரியுமா? பாருங்க, பாதி எந்திரிச்சிருச்சு. வேற எங்கனயாவது கொண்டு போங்க."

அடக்கி வைத்த மாதங்களெல்லாம் அண்ணாச்சிக்குள் ஒன்றாகப் பற்றிக்கொண்டன.

"ஏ பெரியவரே, சிவகாசியில இருந்து இம்புட்டு தூரம் எதுக்கு வந்திருக்கோம்? எம்புள்ள கண்ணசரணும்னு வந்திருக்கோம். இன்னும் எங்கனவே கொண்டு போகச் சொல்லுதீரு?"

மீதிப் பறவைகளும் எழுந்துவிட்டன. வானம் வெள்ளையாகிவிட்டது. ஜெசியின் அழுகை நின்றிருந்தது.

அண்ணாச்சி பயந்து வாயை மூடினார். அவள் மறுபடி சிணுங்கினாள்.

"நிறுத்தாதீக, பேசுங்க" என்றார் மதினி. "பத்து மாசம் இந்தச் சத்தத்துலதான உள்ள கெடந்தா."

என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் லோடு, ஆர்டர், சீசன், லாரி டிரைவரோடு போட்ட சண்டை என்று தொடங்கினார். ஜெசி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கொட்டாவி விட்டாள். பெரியவரும் சண்டையில் ஜெயித்தது யார் என்று கேட்க உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு புளியமரத்தில் சாய்ந்து, நெடுநாளைக்குப் பிறகு "ம்" கொட்டினேன். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பஸ்ஸில் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே தெரியலலே தம்பி. அப்பவும் தெரியல, இப்பவும் தெரியல."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசியைத் தூங்க வைக்கப் பேசுவார். இந்தப் பக்கம் நான் சுவரோரமாகப் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் மதினிக்குக் காரியாபட்டிப் பக்கம் வேலை மாறி, மூவரும் போய்விட்டார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி போன் போடுவார். நான் போனைத் தலையணையில் வைத்துப் படுத்துக்கொள்வேன். ஜெசிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று இப்போது ஊரிடமெல்லாம் யோசனை கேட்கிறாராம். போன வாரம் நடுவில் நான் "ம்" கொட்ட மறந்துவிட்டேன்.

"தம்பி, இருக்கியாலே?" என்றார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஏ ஜெசி, சத்தம் போடாத. சித்தப்பா தூங்கிட்டாக."

நான் தூங்கவில்லை. போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.