ஸ்லாட்கின் வீட்டுக் கார் ஷெட்

“இந்த வீட்ட விட்டு ஒரு துண்டுக் காகிதம் வெளிய போச்சுன்னா, அதோட சேர்ந்து நானும் போயிடுவேன். ஆமா!”

காலைக் காப்பி ஆறுவதற்குள் ஆர்வின் ஸ்லாட்கின் இப்படிச் சபதம் செய்தார். அவர் மனைவி பெர்னீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

“எந்தத் தொட்டியில போவ? காகிதம் போடுற நீலத் தொட்டியா, தோட்டக் குப்பை போடுற பச்சைத் தொட்டியா? சொல்லிட்டுப் போ ராசா. மாத்திப் போட்டா நகராட்சிக்காரன் எடுக்க மாட்டான்.”

தகராறு கார் ஷெட்டைப் பற்றியது. ஹாலிவுட்டுக்குப் பக்கத்துப் பர்பாங்கில் அவர்கள் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்த ஷெட்டுக்குள் ஒரு கார்கூட நுழைந்ததில்லை. உள்ளே குடியிருந்தவை ஆர்வினின் பெட்டிகள். அவர் ஸ்டுடியோக்களுக்கு எழுதிய திரைக்கதைகள் அத்தனையும் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிறத் தாள் என்பது ஸ்டுடியோ வழக்கம். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று ஒரே கதை நாலு சட்டை மாற்றிக்கொண்டு கிடந்தது. அதுபோக ஒரு கதாநாயகியின் இடதுகால் செருப்பு. ஒரு இயக்குநர் கோபத்தில் உடைத்த நாற்காலியின் முதுகு. ஒரு தயாரிப்பாளர் மென்று துப்பிய சுருட்டுத் துண்டு, ஊறுகாய் ஜாடிக்குள் பத்திரமாக. கல்யாண ஆல்பம் எங்கே என்று கேட்டால் ஆர்வினுக்குத் தெரியாது.

பெர்னீஸின் கார் தெருவில் ஜகரண்டா மரத்தடியில் நின்றது. மரம் பூத்துக் கொட்டும் மாதங்களில் தினமும் காலையில் அவள் ஒரு வாளித் தண்ணீரோடு போய், கண்ணாடியில் ஒட்டிய ஊதாப் பூக் கூழைச் சுரண்டுவாள். அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி வேறு.

“அந்த சுருட்டுக்குக் கூரை இருக்கு. எனக்கு இல்ல” என்றாள்.

“அது சரித்திரம் பெர்னீஸ்!”

“நாறுது ஆர்வின்.”

ஆர்வினுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் அழுதுவிடுவார். நாற்பது படங்களுக்கு எழுதினார். பாதிப் படங்களில் அவர் பெயரே வரவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆர்வின் ஸ்லாட்கின் என்று ஒருவன் இருந்தான், எழுதினான் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி அந்தப் பெட்டிகள்தான். அவை போனால் தான் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும் என அவர் மெய்யாகவே பயந்தார்.

அதிலும் ஒரு பெட்டி உயிர்நாடி. யுத்தம் முடிந்த கையோடு வந்த ஒரு படத்தில், கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வருவாள். ஒரு வார்த்தை பேசாமல் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் புருஷனின் சூப்பில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஊரே எழுந்து நின்று கைதட்டிய காட்சி. எழுதியது ஆர்வின். இல்லை, தான்தான் என்றான் கூட்டாளி கஸ் டெலானி. வழக்கு எழுத்தாளர் சங்கத்துக்குப் போனது. இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் சங்கம் மூன்று எழுத்தாளர்களைப் பிடித்து உட்காரவைத்து, எல்லாத் தாள்களையும் படிக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கும். தீர்ப்பில் இருவர் பெயரையும் போட்டார்கள். கஸ் பெயர் முதலில். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. கஸ் பக்கத்து ஊரான க்ளெண்டேலில், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான். அவன் மனைவி நோரீனும் பெர்னீஸும் மட்டும் செவ்வாய்க்கிழமைதோறும் சீட்டாடினார்கள். பெண்கள் சீட்டுத்தானே ஆடுகிறார்கள் என்று ஆண்கள் சும்மா இருந்துவிட்டார்கள்.

சபதம் செய்த வாரமே, சீட்டாடிவிட்டு வந்த பெர்னீஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“பாவம் நோரீன். வீடே வெறிச்சுன்னு ஆகப்போகுது. கஸ் தன்னோட பெட்டியெல்லாம் பல்கலைக்கழக நூலகத்துக்குக் குடுக்கிறானாம்.”

ஆர்வின் கையிலிருந்த பேப்பர் நழுவியது.

“எல்லாத்தையுமா? மோதிரக் காட்சியுமா?”

“அதுதான் முதல் பெட்டியாம். டெலானின்னு பேர் எழுதி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களாம். நமக்கென்ன? நம்ம பெட்டி நம்ம ஷெட்ல பத்திரமா இருக்கு.”

“யார் வந்து பாப்பாங்க இங்க?”

“கரையான் பாக்குதே. தினமும் படிக்குது. ஒரு பக்கம் விடுறதில்ல.”

அன்று ஆர்வின் சாப்பிடவில்லை. ஷெட்டுக்குள் போய்ப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். இன்னும் நூறு வருஷம் கழித்து ஏதோ ஒரு மாணவன் நூலகத்துக்கு வருவான். கஸ்ஸின் பெட்டியைத் திறப்பான். மோதிரம், சூப், டெலானி என்று எழுதிக்கொண்டு போய்விடுவான். ஸ்லாட்கினா, அது யார் என்பான். ஆர்வின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போன் செய்தது அவரேதான். பெர்னீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் எடுத்துக்குங்க அம்மா! ஜாடி, செருப்பு, எல்லாம்! ஆனா இன்னைக்கே எடுத்துக்கணும்!”

“வேற ஒருத்தரும் இப்பத்தான் சார் இதே மாதிரி...” என்று ஆரம்பித்தாள் ஆவணப் பிரிவு மிஸ் ஒகாடா.

“அவனுக்கு முன்னாடி!” என்று கத்தி போனை வைத்தார் ஆர்வின்.

வாடகை வேன் வந்தது. பெர்னீஸ் முட்டி வலியை மறந்து பெட்டிகளைக் கைமாற்றிக் கொடுத்தாள். ஆர்வினுக்கு அது வித்தியாசமாகக்கூடப் படவில்லை. புருஷன் மேல் கரிசனம் என்று நினைத்துக் கண்கலங்கினார்.

நூலகத்தின் பின்வாசலில் இன்னொரு வேன் நின்றது. அதன் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி ஒரு கிழவன். தொப்பை குறைந்து, முடி போய், ஆனால் அதே திமிரோடு கஸ் டெலானி.

“நீ என்னடா இங்க?” என்றான் கஸ். “நீ நேத்தே குடுத்து முடிச்சிட்டேன்னு நோரீன் சொன்னாளே?”

“நானா? நீதான் குடுக்கிறேன்னு பெர்னீஸ் சொன்னா!”

“நான் எதுக்குக் குடுப்பேன்? சாகுற வரைக்கும் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவன்டா நான்! நீ முந்திட்டேன்னு கேட்டுத்தான் ஓடி வந்தேன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எத்தனையோ கதைகளில் எத்தனையோ கணவர்களை ஏமாறவைத்த இரண்டு மூளைகள் மெள்ள மெள்ள விஷயத்தைப் பிடித்தன.

“செவ்வாய்க்கிழமை” என்றார் ஆர்வின்.

“சீட்டு” என்றான் கஸ்.

மிஸ் ஒகாடா கையெழுத்துத் தாளோடு வந்தாள். விஷயம் கேட்டு அவளுக்கே பாவமாகிவிட்டது.

“இன்னும் கையெழுத்துப் போடல சார். வேணும்னா ரெண்டு பேரும் திருப்பி எடுத்துட்டுப் போகலாம்.”

“நீ முதல்ல எடு” என்றார் ஆர்வின்.

“நீ எடு. உன் வேன்தான் வெளிப்பக்கமா நிக்குது.”

“நான் எடுத்துட்டுப் போனதும் நீ கையெழுத்துப் போட்டுட்டா?”

“அதையேதான் நானும் யோசிக்கிறேன்.”

வெயில் ஏறியது. ஒருவரும் நகரவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆர்வின் வீடு திரும்பியபோது ஷெட்டின் கதவு திறந்திருந்தது. பெர்னீஸின் கார் உள்ளே நின்றது, துடைத்துப் பளபளவென்று. சமையலறைக்குப் போய் நாற்காலியில் விழுந்தார். ஆனாலும் தொழில்காரர், ஒரு விஷயம் அவரை விடவில்லை.

“நல்ல கதைதான். ஓட்டையே இல்ல. யாரு எழுதினது?”

“வேற யாரு? நான்தான்” என்றாள் பெர்னீஸ்.

போன் அடித்தது. கஸ். அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல் போன்.

“ஆர்வின், முழு யோசனையும் தன்னோடதுன்னு நோரீன் இங்க பீத்திக்கிறா...”

பெர்னீஸுக்குக் கேட்டுவிட்டது. போனைப் பிடுங்கினாள்.

“அவளா? அவ கடைசில ரெண்டு வரி மாத்தினா, அவ்வளவுதான்! கரையான் நான் சொன்னது! குடு அவகிட்ட!”

கால் மணி நேரம் கத்தினாள். மறுமுனையில் நோரீனும் கத்தினாள். போனை வைத்தபோது பெர்னீஸின் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர்.

“ஆர்வின், நீயும் கஸ்ஸும் சங்கத்துல இருந்தவங்கதானே. நீங்களே உக்காந்து ஒரு தீர்ப்பு சொல்லுங்க. யார் பேர் முதல்ல வரணும்?”

அன்று முழுக்க வராத உயிர் ஆர்வினுக்கு அப்போது வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“சங்கத்துக்குன்னு முறை இருக்கு பெர்னீஸ். வாய்ப்பேச்சு எடுபடாது. நீதான் பண்ணினேங்கிறதுக்குக் கண்ணால பாக்குற மாதிரி ஆதாரம் வேணும்.”

“ஆதாரம்தானே? ஷெட்ல போய்ப் பாரு.”