மடியில் இடமில்லாத தாய்மாமன்

பீளமேட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் மகன் கதிருக்கு, அப்பன் மயில்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதியது. இவ்விடம் நான், உன் அம்மா, எருமைக்கன்று யாவரும் சுகம். உன் சுகமும் உன் சர்வரின் சுகமும் அறிய ஆவல். போன் போட்டா "மீட்டிங்ல இருக்கறேனுங்ப்பா"ன்னு வெச்சுப்போடறே, அதனால இந்தக் காயிதம்.

உன் அக்கா மதிவதனி புள்ளைக்குக் காது குத்த ஆனைமலைக்குப் போறப்ப வண்டியில நீ பேசுன பேச்சு இருக்குதே! "இனிப் புது சாப்ட்வேர் கட்ட நான் பட்டன் அமுக்க வேண்டியதில்லீங்ப்பா. சர்வர்ல நான் எழுதி வெச்ச புரோகிராம் கோடே, இன்டர்நெட்டுல இருக்கற கிளவுடு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு அந்தக் கட்டற வேலையை, அதான் பில்டை, ஆரம்பிச்சுக்கும். நான் பாட்டுக்குப் பாப்பாவ மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பேன்." நம்ம பக்கத்துத் தோட்டத்துத் திருமலைசாமியும் இப்படித்தான் கிணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுனான். கரண்டு வந்ததும் அது தானா ஓடுச்சு, நிறுத்த ஆளில்லாம வாழைத்தோப்பே மிதந்துச்சு. ஆனா அவன் பத்தாவது பெயிலு, நீ இஞ்சினீரு. நம்பிப்போட்டேன்.

காது குத்தறவரு ஊசியை எடுக்கறாரு, உன் போன் அடிக்குது. உன் மேனேஜர் அம்மணி மேக்னா கத்துனது மண்டபத்துக்கே கேட்டுச்சு: "கதிர், ஒரு பில்டு முடிஞ்ச சேதி வந்தா உங்க கோடு அடுத்ததை ஆரம்பிக்குது. அது முடிஞ்சா இன்னொண்ணு. இது எப்பத்தான் நிக்கும்?" ஆகா, என்ன அறிவு கண்ணு உன் கோடுக்கு! உடனே புள்ளையை இறக்கி உட்டுப்போட்டு லேப்டாப்பைத் தூக்கி மடியில வெச்சே பாரு, சம்பந்தியம்மா பாவாத்தாள் கேட்டாங்க: "ஏனுங்க சம்பந்தி, உங்க பையன் எதுக்குக் காது குத்த வந்தாருங்க?" நானும் லேப்டாப்புல காது எங்கிருக்குதுன்னு தேடிட்டுத்தான் நின்னேன். நல்ல நேரமும் போச்சு, காது குத்தறவரும் போயிட்டாரு.

வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி வெச்சிருக்குது. அன்னைக்கும் உன் மடி காலியில்லீன்னா, அவங்க பக்கத்துல வேற மாமனைப் பாத்து உக்கார வெச்சுக்கறாங்களாமா. மதிவதனி ரெண்டு நாளாச் சோறு திங்கல. அந்த லேப்டாப் பொட்டியோட ஊட்டு வாசப்படி மிதிச்சே, கிணத்துல வீசிப்போடுவேன். வெறும் மடியோட வா.

மாசாணியம்மன் உனக்கும் உன் கோடுக்கும் நல்ல புத்தி குடுக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பன்.

பின்குறிப்பு: மதிவதனி இப்பத்தான் சொல்றா. அன்னைக்குக் காலையிலிருந்து கத்துன புள்ள, உன் பொட்டியில எழுத்து ஓடறதைப் பாத்துத்தான் வாயை மூடுச்சாமா. அதனால பொட்டியை மறக்காம எடுத்துட்டு வா கண்ணு. அந்தக் கோடையும் சரி பண்ணித் தொலைச்சுராதே. ரெண்டு காதும் குத்தற வரைக்கும் நிக்காம ஓடட்டும்.